அப்பாவும் வலப் பெடலும்

தங்கையின் கிரேடு 5 பியானோ தேர்வுக்கு நான்கே நாள் இருந்தது. வலப் பெடலை மிதித்தால் சும்மா அமுங்கியது, நாதம் நீளவில்லை. பழுதுபார்ப்பவர் அடுத்த வாரம்தான் வருவாராம். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, “கழற்றித்தான் பார்ப்போமே” என்றார்.

கீழ்ப்பலகையைப் பிடித்திருக்கும் வில் தகட்டை அழுத்தியதும் பலகை கையோடு வந்தது. உள்ளே பெரிய மாயம் எதுவுமில்லை. பெடல் ஒரு நெம்புகோலை அசைக்கிறது. அது செங்குத்தான மரக்கோலை மேலே தள்ளுகிறது. கம்பிகளை அமுக்கியிருக்கும் கம்பளி டேம்ப்பர்கள் ஒட்டுமொத்தமாக விலகுகின்றன. விரலை எடுத்த பின்னும் கம்பி ஒலிப்பது அதனால்தான். (உச்சக் கம்பிகளுக்கு டேம்ப்பரே கிடையாது. தானே அடங்கும் ஒலிக்குக் காவல் எதற்கு!)

கோலின் அடியிலிருந்த ஊசி முறிந்து, கோல் சாய்ந்து கிடந்தது. முறிந்த துண்டைப் பிடுங்கிய அப்பா, ஓர் ஆணியின் தலையை வெட்டி, அரத்தால் ராவி, அதே துளையில் இறக்கினார். பிறகு நட்டைத் திருகிப் பெடலுக்குச் சற்றே தளர்வு விட்டார். ஒரேயடியாக இறுக்கினால் டேம்ப்பர்கள் கம்பியில் படியாமல் சுரங்கள் குழம்பிவிடும். ஆலை நெம்புகோல்களுக்கும் இதே கணக்குதானாம்.

பியானோ வீட்டுக்கு வந்த 6 ஆண்டுகளில் அப்பா அதைத் தொட்டதில்லை. “என் கைக்கு ஒத்துவராத சாமான்” என்பார். அன்று தரையில் படுத்தபடி, கோல் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை மிதிம்மா” என்றார்.