ஒரு மதிப்பெண் குறைந்தால்

2022இல் கர்நாடகத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 145 மாணவர்கள் 625க்கு 625 பெற்றபோது, 624 பெற்றவரின் வீட்டில் அந்த ஒற்றை மதிப்பெண் எங்கே போயிற்று என்ற விசாரணை நடந்திருந்தால் அதில் வியப்பதற்கில்லை.

இவ்வாறு பிழையின்மையையே தன்மதிப்பின் அளவுகோலாக்கும் மனப்போக்கை உளவியலாளர் முழுமைவாதம் என்பர். கடும் உழைப்பு வேறு, இது வேறு. ஹெவிட், ஃபிளெட் ஆகிய கனடிய உளவியலாளர்கள் 1991இல் இதனைத் தன்மீது சுமத்துவது, பிறர்மீது சுமத்துவது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புவது என மூன்றாகப் பகுத்தனர். இவற்றுள் மூன்றாவதே மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிய தொடர்புடையது; ஏனெனில் பிறர் வகுத்ததாகக் கருதப்படும் எல்லை, எட்டும்தோறும் மேலும் விலகிச் செல்வதாகவே தோன்றும். அமெரிக்க, கனடிய, பிரித்தானியக் கல்லூரி மாணவரிடையே 1989 முதல் 2016 வரை மிகுதியாக வளர்ந்ததும் இவ்வகையே. பிழைக்கு அஞ்சுபவர் வேலையைத் தொடங்காமலே தள்ளிப்போடுவதும் முழுமைவாதத்தின் விளைவுதான். வீட்டார் அதைச் சோம்பல் என்று ஏசுவது அச்சத்தை இரட்டிப்பாக்கும். இத்தகையோரும் அழைக்கக்கூடிய ‘டெலி மானஸ்’ என்னும் இலவச மனநல உதவி எண் 14416 உள்ளது.