பேகனின் போர்வையும் பட்டிக் காவல் நாயும்

ரொறன்ரோவில் வாழும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். பாண்டிருப்பில் பிறந்தவர், கொழும்பில் ஒரே செய்தி மேசையில் என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றியவர். பனி மூடிய வீதியோரத்தில் அவருடைய சிறிய நாய் நின்றுகொண்டிருந்தது. உடலில் தடித்த சிவப்பு மேலங்கி. நான்கு பாதங்களிலும் சப்பாத்து.

கல்முனையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு நின்றிருக்கலாம். "மச்சான், சுனாமிக்குப் பிறகு நம்முடைய சனம் கூடாரத்துக்குள் நனைந்த பாயில் கிடந்தபோது இந்தக் கோட்டைத் தைத்தவன் எங்கே போயிருந்தான்?" என்று எழுதி அனுப்பினேன். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டக் கரையோரம் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை இழந்தது. அந்த நாள்களை நேரில் கண்டு எழுதியவன் என்பதால், அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர் கோபிக்கவில்லை. "அந்த நாய்க்குத் தோலோடு ஒட்டிய முடிதான். வெளியே மைனஸ் இருபது பாகை. வீதியில் பனியை உருக்கக் கொட்டும் உப்பு பாதத்தை எரிக்கும், அதற்குத்தான் சப்பாத்து" என்று விளக்கியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: "கரியனை மறந்துவிட்டாயா?"

மறக்கவில்லை. எப்போதோ ஓர் இரவுப்பணியின் இடையில் அவரிடம் மட்டும் சொன்ன கதை அது. இன்று வாசகர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது மருதமுனையில். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட ஊர். எங்களுக்கோ தறியில்லை, மேற்கே வட்டையில் கொஞ்சம் வயலும், சிறியதொரு மாட்டுப் பட்டியும் இருந்தன. எங்கள் பகுதி முஸ்லிம் வீடுகளில் நாய்க்கு இடமில்லை. ஆனால் வட்டையில் உண்டு. பன்றியிடமிருந்து பயிரையும், நரியிடமிருந்து கன்றையும் காக்க நாயில்லாமல் முடியாது. கால்நடைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்திருக்க மார்க்கத்தில் அனுமதி இருப்பதை வாப்பா அடிக்கடி நினைவூட்டுவார். கரியன் அப்படித்தான் எங்களிடம் இருந்தது. கறுத்த, மெலிந்த, குட்டை முடி நாட்டு நாய். எனக்கு அறிவு தெரிந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது.

1960களின் பிற்பகுதியில் ஒரு மாரி. நாள்கணக்கில் மழை விடவில்லை. வாடியின் தாழ்வாரத்தில் கரியன் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும். என்னுடைய பழைய சாறன் ஒன்றை அதன் உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். பெரிய தருமம் செய்த மகிழ்ச்சியோடு வாப்பாவுடன் வீடு திரும்பினேன். அன்றிரவும் பட்டியைச் சுற்றி வருவதை அது நிறுத்தியிருக்காது. மறுநாள் நாங்கள் போனபோது, மழையில் ஊறிக் கனத்த சாறனோடு சேற்றில் சுருண்டு கிடந்தது. வாப்பா முடிச்சை அவிழ்க்க முயன்றார். ஈரத்தில் அது இறுகிப்போயிருந்தது. கத்தியால் அறுத்தார். உலர்ந்த வைக்கோலைப் பரணுக்கடியில் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து நாயைக் கிடத்தினார். மூன்றாம் நாள் கரியன் இறந்துபோனது.

வாப்பா என்னை ஏசவில்லை. வயதான நாய், அதற்கு நேரம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அது உண்மையா, எனக்கான ஆறுதலா என்று கேட்கும் துணிவு அவர் இருந்த காலம் வரை எனக்கு வரவில்லை.

பின்னாளில் தமிழ் படித்தபோது, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பாடத்தில் சந்தித்தேன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன். வகுப்பில் எல்லோரும் அந்தக் கொடையை வியந்தார்கள். எனக்கு மட்டும் அந்த மயில் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி இருந்தது. தோகையும் இறகும் உள்ள பறவைக்குப் போர்வை எதற்கு? இதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான் என்றும், கபிலரும் பரணரும் அவளுக்காக அவனிடம் இரந்து பாடினார்கள் என்றும் புறநானூற்றில் அறிந்தபோது கேள்வி இன்னும் வளர்ந்தது. இரக்கம் இருந்தால் போதாது. எதிரே நிற்கும் உயிருக்கு எது தேவை என்ற அறிவும் வேண்டும் என்று அந்தப் புலவர்கள் அவனுக்குச் சொல்லாமல் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த அறிவு எனக்கு மிகத் தாமதமாகவே கிடைத்தது. 2022 டிசம்பரில் வங்கக்கடலில் உருவான மாண்டஸ் புயல், 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அது நம்மைத் தாக்கவில்லை. ஆனால் அந்த நாள்களின் குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. நோய் ஏதுமோ என்று அஞ்சி, இறைச்சியை வெளியே கொண்டுசெல்வதற்கு அரசாங்கம் தற்காலிகத் தடையும் விதித்தது. பரிசோதனைகள் குளிரையே காரணமாகக் காட்டின. நீர் உறையும் நிலைக்கு வெகுதொலைவில் இருந்த ஒரு குளிரில், வெயிலுக்குப் பழகிய விலங்குகள் திறந்த வெளியில் நனைந்து நின்றே செத்தன.

அப்போது கால்நடை வைத்தியர் ஒருவரிடம் விளக்கம் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை, நம்முடையதைவிடச் சற்று அதிகம். முடிகளுக்கிடையே சிறைப்படும் காற்றுதான் அந்த வெப்பத்தைக் காக்கும் போர்வை. குளிரில் நாய் முடியைச் சிலிர்ப்பதும், சுருண்டு வாலால் மூக்கை மூடுவதும் அந்தக் காற்றையும் சூட்டையும் காப்பாற்றத்தான். நனைந்தால் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடும். போதாக்குறைக்கு ஈரம் ஆவியாகும்போதும் உடம்பின் சூட்டை எடுத்துச் செல்லும். ஆகவே நனைந்த துணி கட்டிய நாய், துணியே இல்லாத நாயைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கான விடையை அவர் தெரியாமலே சொல்லிவிட்டார்.

அப்படியானால் நாய்க்கு உடை வேண்டுமா? நாயைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது. சைபீரிய ஹஸ்கி போன்ற ஈரடுக்கு முடி கொண்ட நாய்க்குப் பனிநாட்டிலும் மேலங்கி தேவைப்படுவதில்லை. சிறிய உடம்பு, குட்டை முடி, மெலிவு, முதுமை, நோய், குட்டிப் பருவம் ஆகியவை உள்ள நாய்க்குக் கடுங்குளிரில் உடை ஓர் உதவி. நண்பரின் நாய் அந்த வகை. நுவரெலியாவின் இரவுகளிலும் அத்தகைய நாய்க்கு அது பயன்படலாம். கல்முனையின் வெயிலில் அழகுக்காக உடை மாட்டுவது கொடுமை. உடல் முழுதும் வியர்த்துச் சூட்டைத் தணிக்க நாயால் முடியாது. வாய் திறந்து இளைத்தே தணிக்க வேண்டும். நம்முடைய மாரிக்கு வேண்டியது நனையாத கூரை, காற்றைத் தடுக்கும் ஒரு மறைப்பு, ஈரத் தரையிலிருந்து சற்று உயர்ந்த படுக்கை, வயிறு நிறைய உணவு. வாப்பா பரணுக்கடியில் செய்தது அதுதான்.

நம்மவர்கள் உடனே நஜீஸ் என்பார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். மறுக்கவில்லை. ஆனால் நாயும் கையும் உலர்ந்திருந்தால் தொடுவதாலும் அசுத்தம் ஒட்டாது. சாக்கு விரிப்பதற்கோ தொடவும் தேவையில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்று நீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதைச் சொல்லும் நபிமொழியை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வெளியே வருபவர்கள் நாம். கழுவும் முறை சுத்தத்துக்காகச் சொல்லப்பட்டது. ஓர் உயிரை மழையில் விரட்டிவிடுவதற்கு அதைச் சாட்டாகக் கொள்ள முடியாது.

நண்பருக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள்கள் பிடித்தன. "கோட்டைப் பற்றி நான் சொன்னது தவறு. கூடாரத்தில் நனைந்தவர்களை உன் நாயோடு மோதவிட்டதும் தவறு. அவர்களுக்கு ஒழுகாத கூரை கிடைக்காததற்கு அந்த நாய் காரணமில்லை" என்று எழுதினேன். "நனைந்தால் கழற்றிவிடு" என்றும் சேர்த்தேன். "அது தெரியும், நீ சொல்லித்தந்ததுதானே" என்று பதில் வந்தது.

எங்கள் வளவு மூலையில் பயன்படாத விறகுக் கொட்டில் ஒன்று இருக்கிறது. அதன் வாடைக்காற்றுப் பக்கத்தைப் பழைய படங்கினால் மறைத்து, இரண்டு பலகையை அடுக்கி, உலர்ந்த சாக்கு விரித்திருக்கிறேன். தெருநாய் ஒன்று இரவில் வந்து படுத்துவிட்டு, சுபஹ் தொழுகைக்கு நான் புறப்படும்போது எழுந்து போய்விடுகிறது. மழை நாள்களில் சாக்கு நனைந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுகிறேன்.