எண்ணிக்கை

தோடர் பெண்கள் துணியில் மாதிரி வரைந்துகொண்டு தைப்பதில்லை. முரட்டு வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக நூல் ஏறுகிறது. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கலை என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

அதே உதகையில் ஒரு கோடை விடுமுறை. நாங்கள் ஏரிக்கும் தொட்டபெட்டாவுக்கும் அலைந்துகொண்டிருக்க, அம்மா விடுதி ஜன்னலோரம் மேட்டித் துணியில் குறுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இழைகளைத்தான் எண்ணினாள். அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. 'இவ்வளவு செலவு பண்ணி வந்து மலையைப் பாக்கலியே' என்றார் அப்பா. வருஷத்தில் அடுப்பு மூட்டாத ஏழு நாட்கள் அவளுக்கு அவை. யாரும் கூப்பிடாமல் நூறுவரை எண்ண முடிந்த நாட்கள். மலை எங்கும் போய்விடாது. எண்ணிக்கை இடையில் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து.