அரை நாள் பள்ளிக்கூடம்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். எல்லோரும் ஆத்தங்குடிக் கல் தரையை போட்டோ எடுக்க, அப்பா மட்டும் நிலைக்கதவு முன்னால் நின்றுவிட்டார். பர்மா தேக்கு. கொடி வேலைப்பாட்டை விரலால் தடவிக்கொண்டே, ‘‘எங்கய்யா கை மாதிரியே இருக்குடா’’ என்றார்.

தாத்தா, காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் மர ஆசாரி. 1953-ல் அப்பா நாலாங்கிளாஸ். அந்த வருஷம்தான் ராஜாஜி அரசு, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதுத் திட்டம் கொண்டுவந்தது. தினமும் மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும்.

‘இருக்கிற கட்டடம், இருக்கிற வாத்தியாரை வைத்தே இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்’ என்பது அரசின் கணக்கு. ‘இது குலக்கல்வி’ என்றார்கள் எதிர்த்தவர்கள். காங்கிரஸுக்குள்ளேயே முணுமுணுப்பு.

தாத்தாவுக்கு சந்தோஷம்தான், கூடமாட ஒரு கை கிடைத்ததே! அப்பாவோ சிலேட்டை இழைப்புச் சீவலுக்குள் ஒளித்துவைத்து, ஆள் இல்லாத நேரத்தில் கணக்குப் போடுவாராம்.

அந்த ஜூலையில் சென்னை சட்டசபையில் காரசாரமான விவாதம். திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சமம்! தீர்மானம் நிறைவேறவில்லை. நிபுணர்களைக் கேட்கலாம் என்ற அடுத்த தீர்மானம் 139-137-ல் தப்பித்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராஜர் முதல்வரானார். மே மாதம் திட்டம் போயே போச்சு.

சட்டசபையில் கை தூக்கியவர்கள் யாருக்கும் எங்க ஊர் சிலேட்டைத் தெரியாது. ஆனாலும், அந்தச் சிலேட்டின் தலையெழுத்து அங்கேதான் ஊசலாடியது. அப்பா முழு நாள் படித்தார். கணக்கு வாத்தியாராகி, ஓய்வும் பெற்றுவிட்டார்.

‘‘இந்த வேலையைக் கத்துக்கலைன்னு வருத்தமாப்பா?’’ என்றேன்.

‘‘ரொம்ப’’ என்றார், யோசிக்காமல். ‘‘ஆசைப்பட்டாக் கத்துக்கன்னு சொல்லியிருந்தா, உளியை விட்டிருக்கவே மாட்டேன். ஆசாரி மகன், உனக்கு இதுதான்னாங்க பாரு... அன்னிக்கு வெறுத்துப்போச்சுடா.’’

வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அப்பா கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.