ரேடியேட்டர்: பற்றவைப்பதும் மாற்றுவதும்

ரேடியேட்டரின் வேலை, இன்ஜினின் சூட்டைக் காற்றில் கரைப்பது. சூடேறிய நீர் மேல் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, மெல்லிய குழாய்களில் ஓடி, அவற்றை ஒட்டிய தகடுகளில் சூட்டை விட்டுவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. 1900-இல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்காக வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் இதன் முன்னோடிகளில் ஒன்று.

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். முந்திரியும் பலாவும் விளையும் பகுதி. அவற்றை லோடு ஏற்றி ஓடி ஓடி லட்சக்கணக்கான கிலோமீட்டர் கண்ட வண்டிகளில் ரேடியேட்டர் ஒழுகுவது வழக்கமான கோளாறு. கூலண்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உப்பு படிந்து குழாய் அடைபடும், உலோகமும் அரிக்கும்.

பழைய வண்டிகளின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. அதைப் பற்றவைப்பது தனிக் கைத்தொழில். பற்றவைப்பவர் ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றேற்றி, சைக்கிள் டியூபைப் போலத் தொட்டியில் முக்குவார். குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, சுரண்டி, துத்தநாகம் கரைத்த ஆசிட் தடவி, ஈயம் வைப்பார். வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த அந்தப் பற்று ஏறக்குறைய 183 டிகிரியில் உருகத் தொடங்கும். சூடு கூடினால் பக்கத்துப் பற்றும் விட்டுப்போகும். அதை அறிந்து நெருப்பைக் காட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. காரீயத் தூளும் ஆசிட் புகையும் உடலுக்குக் கேடு. காற்றோட்டமும் வேலை முடிந்ததும் கை கழுவுவதும் அவசியம்.

இன்றைய கார்களிலும் மினி லாரிகளிலும் இருப்பது அலுமினியக் குழாய்களும், இரு முனையிலும் பிளாஸ்டிக் டேங்கும். அலுமினியத்தின் மேல் உடனுக்குடன் படியும் ஆக்சைடு, சாதாரண ஈயத்தை ஒட்டவிடாது. சூட்டில் நொறுங்கிய பிளாஸ்டிக் டேங்கைப் பசை வைத்து ஒட்டினாலும் நெடுநாள் நிற்காது. மஞ்சள் தூள் போட்டுக் கசிவை அடைப்பது வழியில் நின்றவருக்கு வீடு சேர உதவலாம். நாளடைவில் குறுகிய குழாய்களையும் அடைத்துவிடும். ஆகவே இந்த வகையை மாற்றிவிடுவதே வழி. அதை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம்.

முதலில் இன்ஜின் நன்றாக ஆற வேண்டும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; சூட்டோடு திறந்தால் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மின்விசிறி திடீரென ஓடாமலிருக்க பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். கீழ் ஹோஸுக்கு அடியில் பாத்திரம் வைத்து கூலண்ட்டைப் பிடிக்க வேண்டும். கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சு. தரையில் விட்டால் நாயும் மாடும் நக்கும்.

பிறகு ஹோஸ்கள், விசிறி, மேல் தாங்கிகள் என்ற வரிசையில் கழற்றி, ரேடியேட்டரை நேராகத் தூக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் ஆயில் குழாய்களும் அதில் இணைந்திருக்கலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஹோஸ் வாய், தாங்கும் இடம் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்பே ஏற்ற வேண்டும். ரப்பர் புஷ்களைப் பழையதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். நிறைய ஓடிய வண்டியில் உப்பிய ஹோஸ், துருவேறிய கிளிப், மூடி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றையும் அப்போதே மாற்றுவது நல்லது. புது ரேடியேட்டர் முழு அழுத்தத்தைப் பிடித்ததும், அடுத்து நலிந்த இடம் எதுவோ அங்கே கசியும்.

கூலண்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் வண்டிக் கையேட்டில் சொன்ன அளவில் கலந்து மெல்ல ஊற்ற வேண்டும். ஹீட்டரைத் திறந்து வைத்து, விசிறி சுற்றத் தொடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். கீழ் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். ஆறிய பின் குறைந்த அளவை நிரப்ப வேண்டும். காற்று முழுதும் வெளியேறிய பிறகும் குமிழி ஓயாமல் வந்து, புகைக்குழாயில் வெண்புகையும் தொடர்ந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டிய வேலை.