சிவப்புக் கோட்டு

பிரிட்டிஷ் ராணுவத்தில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து ஃபீல்ட் மார்ஷல் வரை போன ஒரே மனிதர் வில்லியம் ராபர்ட்சன். 1877 நவம்பரில் 16ஆவது லான்ஸர் குதிரைப்படையில் சேர்ந்தார். 1920இல் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். நடுவே, முதல் உலகப்போரின்போது, ராணுவத்தின் தலைமைப் பொறுப்பில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். சிப்பாயிலிருந்து ஃபீல்ட் மார்ஷல் வரை என்பதுதான் 1921இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே. படித்து, உழைத்து, மேலே ஏறிய கதை. அப்படித்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. மகன் பட்டாளத்தில் சேர்ந்தது தெரிந்ததும் அவருடைய அம்மா ஒரு கடிதம் எழுதினார். உன்னைச் சிவப்புக் கோட்டில் பார்ப்பதைவிட மண்ணில் புதைத்துவிடுவதே மேல் என்பது அதன் சாரம். பதினெட்டுகூட நிறையாத மகனுக்குப் பெற்ற தாய் எழுதியது.

பட்டாளத்துக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வேலூரைச் சுற்றி எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பையன் மிலிட்டரியில் சேர்ந்தால் தெருவுக்கே இனிப்பு போகும். 'மிலிட்டரிக்காரர் வீடு' என்பது விலாசம், மரியாதை, பென்ஷன் எல்லாம்தான். அதனால் அந்தக் கடிதம் எனக்கு முதலில் புரியவே இல்லை. அந்த அம்மா எதைக் கண்டு அப்படிப் பயந்தார்?

ராபர்ட்சனின் ஊர் லிங்கன்ஷையரில் வெல்பர்ன் என்ற கிராமம். அப்பா தையற்காரர், கூடவே ஊர்த் தபால் வேலையும் பார்த்தார். வசதி கிடையாது, ஆனால் கௌரவமாகப் பிழைத்த குடும்பம். வில்லியம் பதிமூன்று வயதில் பள்ளியை விட்டார். கொஞ்ச நாள் பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் வேலை. பிறகு டீன் பார்க் என்ற மாளிகையில் எடுபிடிப் பணியாள். அது கார்டிகன் சீமாட்டியின் வீடு.

அவருடைய மறைந்த கணவர் கார்டிகன் பிரபுதான் 1854 அக்டோபர் 25 அன்று கிரைமியாவில், பாலக்லாவா பள்ளத்தாக்கில், ருஷ்ய பீரங்கிகளை நோக்கி லைட் பிரிகேடை நடத்திப் போனவர். சுமார் 670 குதிரைவீரர்கள் போனார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பிரபுவுக்குக் கீறல்கூட இல்லை. அவர் ஏறிப்போன குதிரை ரொனால்டும் பத்திரமாகத் திரும்பியது. 1872இல் அது செத்த பிறகு தலையைப் பாடம் செய்து வைத்தார்கள். டீன் பார்க்கில் இன்றைக்கும் இருக்கிறது.

இதே கார்டிகன், 1841இல் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலய வழிபாடு முடிந்த கையோடு தன் சிப்பாய் ஒருவனுக்குக் கசையடி கொடுக்க வைத்து நாடெங்கும் பேச்சு வாங்கியவர். ஐந்து வருஷம் கழித்து, 1846இல், ஹவுன்ஸ்லோ படைமுகாமில் 7ஆவது ஹுஸார் படையைச் சேர்ந்த ஃப்ரெடரிக் ஜான் ஒயிட்டுக்கு 150 கசையடி விழுந்தது. சார்ஜன்ட்டைக் கணப்புக் கோலால் அடித்தது அவன் குற்றம். சில வாரங்களில் செத்துப்போனான். மரண விசாரணை நடத்தியவர் தாமஸ் வேக்லி, 'லான்ஸெட்' மருத்துவ இதழைத் தொடங்கியவர். அவர் விடாமல் துருவியதில் விஷயம் வெளியே வந்து கொதித்தது. அதே வருஷம் கசையடியின் உச்சவரம்பு ஐம்பதாகக் குறைந்தது. அடியோடு ஒழிய 1881 ஆயிற்று. ராபர்ட்சன் சேர்ந்தபோது போர்க்காலத்துக்கு மட்டும் கசையடி மிச்சமிருந்தது.

ஆனால் அந்த அம்மாவின் பயம் கசையடி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது என் அம்மா. ராபர்ட்சன் கதையை அப்பாவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே, "அவனுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?" என்று கேட்டாள். 1894இல், முப்பத்து நாலு வயசில், அதிகாரி ஆன பிறகு என்றேன். "அதானே" என்றாள்.

விக்டோரியா காலத்துக் குதிரைப்படைச் சிப்பாயின் வாழ்க்கையை இந்தக் கேள்வியிலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். சிப்பாய் கல்யாணம் செய்துகொள்ளத் தளபதியின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு அளவு உண்டு. நூற்றாண்டின் முற்பகுதியில் நூறு பேருக்கு ஆறு மனைவிகள், படை இந்தியாவுக்குப் போனால் பன்னிரண்டு என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்குக்குள் வந்தவள் படையின் பதிவேட்டில் ஏறுவாள். தங்க இடம், பாதி ரேஷன், சிப்பாய்களின் துணி துவைக்கும் வேலை கிடைக்கும். தங்க இடம் என்றால் தனி வீடு அல்ல. நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல முகாம்களில், சிப்பாய்கள் வரிசையாகப் படுக்கும் கூடத்தின் ஒரு மூலையில் கயிறு கட்டி, போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால்தான் குடும்பம். பிள்ளைப்பேறும் அங்கேயே.

அனுமதி இல்லாமல் கட்டிக்கொண்டவன் மனைவி பதிவேட்டில் இல்லாதவள். ராணுவத்தைப் பொறுத்தவரை அப்படி ஒருத்தி கிடையாது. முகாமுக்கு வெளியே வாடகை அறை, கிடைத்த கூலிவேலை. படை கடல் கடந்து போகும்போது பதிவேட்டில் இருப்பவர்களிலும் எல்லோருக்கும் கப்பலில் இடமில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். 'போகலாம்' என்று வந்தவள் போவாள். வராதவள் குழந்தையோடு துறைமுகத்தில் நிற்பாள். திரும்பிவர எத்தனை வருஷமோ. இந்தியாவில் கணவன் செத்தால் விதவைக்குச் சில மாதங்களே படி கிடைக்கும். அதற்குள் அதே படையில் இன்னொருவனைக் கட்டிக்கொண்ட பெண்கள் நிறைய.

அம்மாவிடம் இந்தச் சீட்டுக் குலுக்கலைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் அவள் மாமியார் வீட்டில் இருந்தாள். அப்பா வடக்கே. ஃபேமிலி குவார்ட்டர்ஸுக்கு வரிசை, முறை வர வேண்டும். வருஷத்தில் இரண்டு மாதம் லீவு. அக்கா பிறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அப்பா முகத்தைப் பார்த்தாள். அந்த வரிசைக்கும் நூறுக்கு ஆறு என்ற பழைய கணக்குக்கும் ஒரே கொடிதான். எங்களுக்குச் சட்டமும் பென்ஷனும் கடிதமும் மணியார்டரும் இருந்தன. அவர்களுக்கு அதுவும் இல்லை. "அந்தம்மா கோவத்துல எழுதலடா. கணக்குப் போட்டுப் பாத்து எழுதியிருக்கா" என்றாள் அம்மா.

அந்தக் கணக்கு சரியானதுதான். ராபர்ட்சன் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். பட்டாளக் கூடத்தின் குடியும் கூச்சலும் தாங்காமல் முதல் இரவே ஓடிவிடலாமா என்று நினைத்தார். படுக்கைக்கு அடியில் வைத்திருந்த சொந்த உடுப்பைத் தேடினால், ஓடிப்போன வேறொருவன் அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். மாற்றுத்துணி இல்லாததால் தங்கினார். ஒரு ஃபீல்ட் மார்ஷலின் வாழ்க்கை இப்படித் தொடங்குகிறது.

மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பாலக்லாவாவிலிருந்து உயிரோடு வந்தவர்கள் பலர் சோற்றுக்கு வழியில்லாமல் இருக்கிறார்கள் என்ற செய்தி 1890இல் பெரிதாக வெடித்தது. ஊரெல்லாம் அவர்களைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்தது. சில கிழவர்களோ ஏழைகள் விடுதியில் கிடந்தார்கள். நிவாரண நிதிக்காக ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எடிசனின் ஃபோனோகிராஃபில் தன் குரலைப் பதிவுசெய்து கொடுத்தார். அன்று தாரை ஊதியவர்களில் ஒருவரான லான்ஃப்ரீடும் ஊதிப் பதிவு செய்தார். இரண்டையும் இப்போதும் கேட்கலாம். கரகரப்புக்கு நடுவே அந்தக் கிழவரின் தாரையைக் கேட்கும்போது எனக்கு டீன் பார்க்கின் குதிரைத் தலை ஞாபகம் வரும். குதிரையைப் பத்திரப்படுத்த மட்டும் இடமிருந்தது.

ராபர்ட்சன் தப்பித்தார். 1885இல் ட்ரூப் சார்ஜன்ட் மேஜர். 1888இல் 3ஆவது டிராகூன் கார்ட்ஸில் அதிகாரி. இதிலும் ஒரு சிக்கல். குதிரைப்படை இளம் அதிகாரியின் சம்பளம் வருஷத்துக்கு 120 பவுண்டு. இங்கிலாந்தில் அந்த அந்தஸ்தைக் காப்பாற்ற வீட்டிலிருந்து இன்னும் 300 பவுண்டு வர வேண்டும். தையற்காரர் வீட்டில் அதற்கு எங்கே போவது? படை இந்தியாவில் இருந்ததால் பிழைத்தார். இங்கே படி கூடுதல், செலவு குறைவு. மெஸ்ஸில் மற்றவர்கள் ஒயின் குடிக்கும்போது தண்ணீர் குடித்தார். சுருட்டு வாங்க முடியாததால் புகைப்பதை விட்டார். மத்தியான வெயிலில் மற்றவர்கள் தூங்க, முன்ஷிகளை வைத்து உருது, ஹிந்தி, பாரசீகம், பஷ்தோ, பஞ்சாபி படித்தார். தேர்வில் தேறினால் பரிசுப்பணம் உண்டு. 1895 சித்ரால் படையெடுப்பில் வழிகாட்டியாக வந்தவனே வெட்டியதில் காயப்பட்டார். அதற்கு முந்தைய வருஷம்தான் கல்யாணம். பெண் மில்ட்ரெட் பாலின், இந்திய ராணுவ லெஃப்டினன்ட் கர்னல் ஒருவரின் மகள். மகன் பிரையன் பின்னாளில் ஜெனரலாகி, பிரபு பட்டமும் பெற்றார். சிப்பாயாகவே இருந்திருந்தால் இந்த வீடும் பிள்ளைகளும் எந்த மூலையில், எந்தப் போர்வைக்குப் பின்னால் இருந்திருக்கும்?

இவ்வளவையும் படித்த பிறகு என்னோடு தங்கியது பதவிகள் அல்ல, ஒரு சின்னத் தகவல். மகன் அதிகாரி ஆனபோது அவருடைய சீருடைகளை அப்பாவே தைத்துக்கொடுத்தார். லண்டன் தையற்கடையில் கொடுக்கக் காசில்லை. பிரிட்டிஷ் லான்ஸர் படைகள் எல்லாம் நீலம் உடுத்தின. 16ஆவது படை மட்டும்தான் சிவப்பு. அம்மா வெறுத்த சிவப்புக் கோட்டு வெறும் பேச்சு வழக்கல்ல, மகன் நிஜமாகவே போட்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த டிராகூன் கார்ட்ஸுக்கும் சிவப்புதான்.

எந்தக் கோட்டில் மகனைப் பார்க்கச் சகிக்காது என்று அந்த வீட்டிலிருந்து கடிதம் போனதோ, அதே வீட்டில் அதே நிறத்துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வெட்டி, ஒரு கிராமத்துத் தையற்காரர் தைத்திருக்கிறார். அளவு தெரியாமல் தைக்க முடியாது. தோளுக்கும் கைக்கும் மார்புக்கும் நாடாவைச் சுற்றிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.