காவல் என்னும் சொல்லின் கடன்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் ஆயிரக்கணக்கான காவலர்கள் வந்து இறங்குவார்கள். ஊரார் வாயில் அவர்கள் ‘போலீஸ்’தான்; கொஞ்சம் மரியாதை கூடினால் ‘ஏட்டையா’. ‘காவல் துறை’ என்பது பெயர்ப்பலகையோடும் செய்தித்தாளோடும் நின்றுவிடுகிறது. ஆனால் இந்த மாவட்டத்து மண்ணில் வேரோடியிருப்பது ‘காவல்’ என்ற அந்தச் சொல்தான்.

நகரத்தைக் குறித்த ‘பொலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்து, லத்தீனிலும் பிரெஞ்சிலும் நகர நிர்வாகம் என்று பொருள் விரிந்து, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது ‘போலீஸ்’. சென்னை மாகாணத்தில் அந்தப் படைக்கு இன்றைய உருவம் கொடுத்தது 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம்.

‘காவல்’ அதற்கு வெகு காலம் முந்தியது. இந்த மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பேர்போனது. அங்கே எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் எருமைகளுக்காக உயிர்விட்ட வீரன் இருக்கிறான். பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காத்துநின்றதை, 7ஆம் நூற்றாண்டுக்காரர்கள் பெயரோடு கல்லில் வெட்டிவைத்தார்கள். ஓர் உயிரை நம்பி இன்னோர் உயிர் நிற்பதுதான் ‘கா’ என்ற வேரின் பொருள்.

பின்னாளில் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ வருகிறது. பாடி என்றால் ஊர். ஊர்க்காவலுக்கு மக்கள் கொடுத்த வரிக்கும் அதுவே பெயர். காவல்காரர் முறை இருந்த ஊர்களில் களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். காவல் கூலி என்று மிரட்டிப் பிடுங்கியவர்களும் உண்டு. ஆனாலும் இழப்புக்குக் காத்தவனே பொறுப்பு என்ற நியாயம் பெரியது.

அந்த நியாயத்தை வைத்துத்தான் ‘போலீஸ் காவல்’, ‘நீதிமன்றக் காவல்’ என்ற தொடர்களைப் படிக்கிறேன். பிடிபட்டவரும் காக்கப்பட வேண்டியவரே என்று அவை சொல்கின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் இருக்கும்போதே இறந்தார்கள். ‘காவல் மரணம்’ என்ற தொடர் தமிழில் இருக்கவே கூடாத ஒன்று.

தீபத் திருவிழாவில், பெண் காவலர் ஒருவர் குழந்தையின் மணிக்கட்டில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை கையை இழுக்கிறது. அவர் இறுக்காமல், நழுவாமல் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார். காப்பு கட்டுவது என்று சொல்கிறோமே, அது இதுதான். காப்பும் காவலும் ஒரே வேரில் கிளைத்தவை.

அந்தப் பட்டையைக் கட்டும் கைக்கும் விலங்கு மாட்டும் கைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது தமிழ். குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நிலையத்துக்குள் நடந்து போனவர் நடந்தே வெளியே வர வேண்டும். அதற்குப் பொறுப்பேற்கிறவரே காவலர்.